வரைபடம் இல்லாத ஆய்வேடு

மாரி தொடங்கப்போகிறது என்று இன்று காலை மழைக்கோட்டை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து இழுத்தெடுத்து உதறினேன். அறை முழுக்கப் புகை மணம். அடுப்புப் புகை இல்லை. நுளம்பு கடிக்காமல் இருக்க எருமைப் பட்டியில் மூட்டுகிற புகை. காய்ந்த சாணத்தின் மேல் பச்சைக் குழையைப் போட்டு எரிக்கும்போது வருகிற கனத்த மணம். சவர்க்காரம் போட்டுத் தோய்த்துத்தான் மடித்து வைத்திருந்தேன். ஆனாலும் போகவில்லை. இது உம்முடைய மழைக்கோட்டு. என்னுடையது முள்ளில் மாட்டிக் கிழிந்த அன்று உம்முடையதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, நீர் நனைந்துகொண்டு வந்தீர். அதைக் கையில் வைத்தபடி கட்டிலில் இருந்துவிட்டேன். அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போனேன். கேட்டவர்களுக்கு ஸ்கூட்டி இடக்குப் பண்ணியது என்று சொன்னேன்.

உமக்கு எழுத வேண்டுமென்று பல நாள் நினைத்ததுதான். எழுத இருந்தால் "மேற்கூறிய காரணிகளின் அடிப்படையில்" என்றுதான் கை ஓடுகிறது. முதுமாணிப் படிப்பு என்னிடம் விட்டுப்போன பழக்கம் அது. உமக்கு அந்தத் தமிழைக் கண்ணில் காட்டக்கூடாது. "படிக்கிற ஆள் நித்திரை கொள்ளட்டும் எண்டோ எழுதுறீர்?" என்று என் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதித் தந்தவர் நீர். ஆகவே முடிந்தவரை, உம்மோடு கதைக்கிறது போல எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் இருவரும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வேறு வேறு அலுவலகம். பொதுக் கொள்கையில் முதுமாணிப் பட்டத்துக்கு வார இறுதி வகுப்பு ரவுனிலேயே நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பதவி உயர்வுக்கு உதவும் என்ற எண்ணத்தில் வந்து சேர்ந்தவர்கள். நான் திரியாய்க்காரி, உப்புவெளியில் வாடகை அறையில் இருப்பவள். நீர் துறைமுகத்துப் பிள்ளை. சேர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், கப்பல் சங்கு ஊதினால் யன்னல் கண்ணாடி அதிர்கிற வீட்டில் வளர்ந்தவர். உம்முடைய அப்பா சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் காவல் வேலை செய்து ஓய்வு பெற்று, நீர் படிக்க வருவதற்கு முன்பே போய்விட்டார். முதல் வகுப்பில் ஒருவரையொருவர் நீங்கள் என்றோம். அந்த மாதம் முடிவதற்குள் அது நீர் ஆகிவிட்டது.

உள்ளூர் பொருளாதார அபிவிருத்தி என்ற பாடத்தில் விரிவுரையாளர் பலகையில் நான்கு பெட்டி கீறியது நினைவிருக்கிறதா? ஒரு திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களை, அவர்களுக்கு அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று பார்த்து அந்தப் பெட்டிகளுக்குள் போட வேண்டும். நீர் கையை உயர்த்தி, "சேர், எருமையை எந்தப் பெட்டிக்குள்ள போடுறது?" என்று கேட்டீர். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். நீர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பலகாமத்துத் தயிர்தான் உம்முடைய ஆய்வு என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தீர். தயிரைப் பற்றி ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். சந்தை, பொதி செய்தல், குளிரூட்டி, கடன் திட்டம். பால் தருகிற மிருகம் எங்கே மேய்கிறது என்பதை ஒருவரும் எழுதவில்லை என்பது உம்முடைய கட்சி. நான் உப்புவெளி விருந்தினர் விடுதிகளைப் பற்றி எழுதினேன். அட்டவணைகள் நிறைய இருந்ததால் அது சுலபமாகத் தேறிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

உம்முடைய களவேலைக்கு இருவருமாக இறங்கிய காலம், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். இரண்டு பேருடைய பங்கையும் என் ஸ்கூட்டியில் ஊற்றிக்கொண்டு கண்டி வீதியால் தம்பலகாமத்துக்குப் போவோம். சீனன்குடாவைக் கடக்கும்போது நீர் பின்னாலிருந்து, "அப்பா காவல் காத்த எண்ணெய் அந்தா கிடக்கு. மகளுக்கு ஒரு போத்தலுக்கு வழியில்லை" என்பீர். போகிற ஒவ்வொரு முறையும் சொல்வீர். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பேன். பொழுது சாய்ந்தால் அந்த வீதியில் யானை நிற்கும் என்று உமக்குப் பயம். ஆனால் திரும்புவதற்கு அவசரப்படுத்தியது என்றைக்கும் நான்தான். நீர் ஆரோடாவது கதைத்துக்கொண்டே நிற்பீர்.

முதலில் எங்களோடு ஒருவரும் கதைக்கவில்லை. அதற்கு எங்கள் வினாக்கொத்துத்தான் காரணம். சுலபமான கேள்வியில் தொடங்க வேண்டும் என்று படித்திருந்தோம். எனவே முதலாவது கேள்வியாக, "உங்களிடம் எத்தனை மாடுகள் உள்ளன?" என்று போட்டிருந்தோம். போன பட்டிகளில் எல்லாம் ஒரே பதில், "கொஞ்சம் கிடக்கு." அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "பாப்பம்", "தெரியாது", "மழை வரப்போகுது." இரண்டு கிழமை இப்படியே வெயிலில் காய்ந்தோம். வேலாயுதம் அண்ணனின் வீட்டில்தான் விசயம் வெளித்தது. அவர் பட்டி வைத்திருப்பவர். அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தங்கச்சியவை, மாட்டை எண்ணிச் சொல்றது எங்கட வழக்கமில்லை. கண்ணூறு பட்டிடும். எங்களுக்குள்ளயே கேக்கிறேல்லை. நீங்கள் வந்த உடனே அதைத்தான் கேக்கிறியள்."

நீர் அந்த இடத்திலேயே பேனையை எடுத்து எல்லாப் பிரதிகளிலும் முதலாவது கேள்வியை வெட்டினீர். எனக்குப் பதைத்துப் போனது. எண்ணிக்கை இல்லாமல் என்ன ஆய்வு என்று அங்கேயே முணுமுணுத்தேன். "சொல்ல விரும்பாததை விட்டிட்டு, சொல்ல விரும்புறதைக் கேப்பம். ஆய்வு செத்துப் போகாது" என்று சொல்லிவிட்டு, அந்த அக்காவிடம் தயிர் எப்படி உறைய வைப்பது என்று கேட்கத் தொடங்கினீர். அதன் பிறகு எங்களுக்குக் கதிரை போட்டுத் தந்தார்கள்.

அடுத்த முறை போயிருந்தபோதுதான் வேலிக்கு வெளியே ஒரு ஓட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர்ந்து போனது. பெரும்போகத்துக்கு விதைக்கிற நாளை, வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் தீர்மானித்துவிட்டார்கள். குறித்த திகதிக்கு முன் கால்நடைகள் அனைத்தையும் வயல் நிலங்களில் இருந்து அகற்ற வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். வருடா வருடம் கேட்கிற அறிவித்தல்தான். அலுவலகத்தில் நானே அதைத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். நீர் கோப்பையைக் கீழே வைத்தீர்.

"அண்ணன், எங்க கொண்டுபோகட்டாம்?"

"அதைச் சொல்றேல்லைப் பிள்ளை" என்றார் வேலாயுதம் அண்ணன். "எடு எண்டு மட்டும்தான் சொல்லுவினம்."

"அப்ப நீங்கள் எங்க கொண்டு போவீங்கள்?"

அவர் உம்மைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைப் பார்த்தார். "அங்கால" என்றார். கையை எந்தப் பக்கமும் காட்டவில்லை.

அந்த அங்காலவுக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. வெற்று அரச காணி. பற்றைக்காடும் சிறு குளங்களுமாகக் கிடக்கிற நிலம். அதற்குள் மாடு கொண்டுபோவது குற்றம். பிடிபட்டால் நீதிமன்றம், தண்டம், மாடும் போகும். அந்த நிலத்தை முதலீட்டு வலயமாக்குகிற யோசனை ஒன்று அப்போதே மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. காரணம், அங்கே ஒன்றும் இல்லையாம். ஓர் அலுவலகம் மாட்டை வயலில் இருந்து எடு என்று விரட்டுகிறது. மாடு போய் நிற்கிற இடத்தை இன்னோர் அலுவலகம் வெறும் நிலம் என்கிறது. இரண்டு அலுவலகமும் ஒரே வளவுக்குள்தான் இருக்கின்றன. இத்தனை வருடம் அங்கே வேலை செய்தும் எனக்கு இது உறைக்கவில்லை. உமக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடிவதற்குள் உறைத்துவிட்டது. உம்முடைய ஆய்வு அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கியது.

வேலாயுதம் அண்ணன் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனது உம்மை நம்பித்தான். மழை பிடித்துக்கொண்ட நாள். சேறு முழங்கால் வரை. பட்டி முன்னே போக நாங்கள் பின்னே நடந்தோம். கன்றுகள் தங்குகிற மேடு, எருமைகள் படுக்கிற மடு, ஆட்கள் மழைக்குப் படங்கு கட்டிச் சமைக்கிற மரத்தடி, எல்லாவற்றையும் காட்டினார். இரண்டு தலைமுறையாக அவர்கள் மாரிக்குப் போய்த் தங்குகிற இடம். புகை மூட்டத்துக்குப் பக்கத்தில் நனைந்த கோழி போல நடுங்கிக்கொண்டு இருந்தீர். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். திரும்பும்போது அவர், "பாத்தது பாத்ததோட இருக்கட்டும் பிள்ளை" என்றார். "ஓம் அண்ணன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றீர். என்னிடம் அவர் கேட்கவில்லை. நானும் உம்மோடு வந்தவள்தானே என்று நினைத்திருப்பார்.

நடுக்கம் அன்றைய மழையால் வந்தது என்று இருவருமே நினைத்தோம். காய்ச்சல் வந்தது, போனது, திரும்பி வந்தது. பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். நோயின் பெயரை நீர் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னீர். மருந்து ஏற்றிவிட்டு வருகிற பஸ்ஸில் இருந்து அத்தியாயங்களை எழுதினீர். தலைமயிர் உதிர்ந்தபோது, "வெக்கைக்கு நல்லது" என்றீர். எனக்கு அது சிரிக்கிற விசயமாக இருக்கவில்லை. நீர் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

வாய்மொழிப் பரீட்சைக்குத் தலையில் ஒரு நீலச் சால்வையைக் கட்டிக்கொண்டு வந்தீர். சக மாணவர்கள் பின்வரிசையில் இருக்கலாம் என்றதால் நானும் இருந்தேன். மூன்று பரீட்சகர்கள். அவர்களில் மூத்தவர் நல்ல மனிதர், உம்முடைய எழுத்தைப் புகழ்ந்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"உங்கட வாதம் பலமானது. ஆனா பட்டிகள் அந்த நிலத்தைப் பயன்படுத்துது எண்டு எழுதினா, எங்க எண்டு காட்ட வேணும். ஒரு வரைபடம் இல்லையே."

"இடங்கள் எனக்குத் தெரியும் சேர். போட ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அங்க மாடு நிக்கிறது சட்டப்படி குற்றம். நான் வரைபடம் போட்டா அது அவையளுக்கு எதிரான சாட்சியாப் போயிடும்."

"ஆக்களின்ர பேரை மறைக்கலாமே?"

"பேரை மறைக்கலாம் சேர். குளத்தை மறைக்க ஏலாது. எந்தக் குளத்தடியில ஆரின்ர மாடு படுக்கிறது எண்டு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, ஆதாரம் காட்டாத கூற்றை ஆய்வு எண்டு நாங்கள் ஏற்க ஏலாது" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அவருடைய பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம். வரைபடத்தைச் சேர்த்து மீளச் சமர்ப்பிக்கவும் என்று முடிவு வந்தது.

அன்று பின்னேரம் கடற்கரையில் இருந்து நாங்கள் பிடித்த சண்டையை நீர் மறந்திருக்கமாட்டீர். கடலை வாங்கி வைத்துக்கொண்டு ஒருவரும் தின்னவில்லை. கடைசியில், அங்கே ஆட்களுக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து பேப்பரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"உமக்கு விசரோ?" என்று கேட்டேன். "ஆர் உந்த ஆய்வேட்டைத் திறந்து பாக்கப் போகினம்? நூலகத்தில கறையான்தான் படிக்கும். கீறிக் குடுத்திட்டுப் பட்டத்தை எடும்."

"ஆரும் படிக்கமாட்டினம் எண்டா நாங்கள் ஏனப்பா எழுதினனாங்கள்?"

"இப்ப உம்மட உடம்பு கிடக்கிற கிடைக்கு..."

"உடம்பைக் கொண்டுவந்து உதுக்குள்ள போடாதையும்" என்றீர். குரல் உயரவில்லை. நான் எழுந்து ஸ்கூட்டியைத் திருப்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நான் போடமாட்டன். நீர் என்னோட கோவிச்சுக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்.

கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. உம்மால் ஒரு கோடு கீறியிருக்க முடியும். பட்டமளிப்புக்குப் போடுகிற அந்தக் கறுப்புத் தொப்பியை ஒரு நாள் போட்டுப் பார்த்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மாசியில், அறுவடை முடிந்து பட்டிகள் வயலுக்குத் திரும்புகிற நேரத்தில் நீர் போனீர். வேலாயுதம் அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சட்டி தயிரோடு வந்தார். சேர்ச்சுக்குள் செருப்போடு போகலாமா என்று என்னைக் கேட்டார். தயிரை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பூசை முடியும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசை வாங்கில் இருந்தார். பிறகு நான் அதை உம்முடைய வீட்டுக் குசினியில் கொண்டுபோய் வைத்தேன்.

சில மாதங்கள் போனபின் உம்முடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் இருந்து இங்கிலிசில் ஒரு கடிதம், வந்து வாசித்துச் சொல் என்றார். வாசித்தேன். கோரிய திருத்தத்தைக் களவேலையில் உடனிருந்த சக மாணவர் எவராவது செய்து சமர்ப்பித்தால், மறைந்த மாணவிக்குப் பட்டம் வழங்குவதைப் பற்றி அவர்கள் பரிசீலிப்பார்களாம். உடனிருந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவின் முகம் விரிந்தது. "அப்ப தாள் வருமோ பிள்ளை? வந்தா அவவின்ர படத்துக்குப் பக்கத்தில வைக்கலாம்" என்றார். நீர் பட்டம் எடுக்கப்போகிறீர் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். நான் பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். 

நேரே தம்பலகாமத்துக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் வேலாயுதம் அண்ணன் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை.

"போடுங்கோ தங்கச்சி. அந்தப் பிள்ளை வருத்தத்தோட எங்களுக்காக நடந்தது. பட்டம் கிடைக்கட்டும்."

"பிடிச்சா அண்ணன்?"

"பிடிச்சாப் பாப்பம்."

பின்னால் நின்ற அவருடைய மனைவி உள்ளே போய்விட்டார். வேலாயுதம் அண்ணன் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம். அந்த மனிதர் ஓம் என்று சொன்னதுதான் என்னைப் போட்டு உலைத்தது. பட்டி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கிழமை அறைக்குள் இருந்து கீறிப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர், கை தானாகப் போனது. மேடு, மடு, மரத்தடி, குளங்கள், போகிற பாதை, திரும்புகிற பாதை. ஒன்றும் மறக்கவில்லை. வகுப்பில் படித்தபடி வடக்கு அம்புக்குறிகூடப் போட்டேன். நல்ல வரைபடம். எந்தப் பரீட்சகரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உம்முடைய வீட்டுக்குப் போனேன். உம்முடைய அம்மாவிடம் மறைத்து ஒரு முடிவு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தாலும் அவரோடு, கொடுக்காவிட்டாலும் அவரோடு என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதிலயோ என்ர பிள்ளை நடந்தவ?"

"ஓம் அம்மா. இஞ்ச தொடங்கி, இந்தக் குளம் வரைக்கும்."

விரலை வைத்து அந்தப் பாதை முழுவதையும் தடவினார். எங்கே மழை பிடித்தது, எங்கே நீர் வழுக்கி விழுந்தீர், எங்கே இருந்து தேத்தண்ணி குடித்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். நீர் வழுக்கி விழுந்த கதைக்குச் சிரித்தார். பிறகு, இதை அனுப்பினால் பட்டம் வரலாம் என்பதையும், அனுப்பினால் வேறு என்ன நடக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்குத் தயிரோட வந்த மனுசனோ?"

"ஓம் அம்மா. அவர் போடச் சொல்லித்தான் சொல்றார்."

"மாட்டையும் கொண்டுபோவினமோ?"

"கொண்டுபோகலாம்."

"இவவுக்கு உது தெரியுமோ? தெரிஞ்சுதானோ கீறாமல் விட்டவ?"

"ஓம் அம்மா. நல்லாத் தெரியும்."

 துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊத யன்னல் அதிர்ந்தது. அவர் எழுந்து தாளை நான்காக மடித்தார்.

"அவ போடமாட்டன் எண்டு விட்டதை, நாங்கள் ஆர் பிள்ளை போடுறதுக்கு?"

குசினிக்குள் போய் அடுப்பில் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எரிந்து முடிந்ததும் அதே அடுப்பில் கேத்தலை வைத்து எனக்குத் தேத்தண்ணி போட்டார். போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "ஆரும் கேட்டா அவ படிச்சு முடிச்சிட்டா எண்டுதான் நான் சொல்லுவன். அது பொய்யோ பிள்ளை?" என்று கேட்டார். பொய் இல்லை அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. உமது சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்சக் காலம் ஆகிவிட்டது. உமக்குச் சொல்ல வேண்டிய புதினம் இன்றைக்கு நடந்தது. பிந்திப் போய் இருக்கையில் இருக்கவே, அந்த முதலீட்டு வலயத்துக்கான காணி விபரம் என் மேசையில் கிடந்தது. சுற்றிச் சுற்றி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என்னிடமே வந்திருக்கிறது. 'காணியின் தற்போதைய பயன்பாடு' என்ற இடத்தில் ஆரோ பென்சிலால் 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். மேலால் பேனையால் எழுத வேண்டியதுதான் என் வேலை. அதை அழித்துவிட்டு, 'மாரி காலத்தில் கால்நடை மேய்ச்சல் உண்டு. வயல்களில் இருந்து கால்நடைகளை அகற்றும் வருடாந்தத் தீர்மானத்தின் விளைவாக இது நிகழ்கிறது. மாற்று இடம் குறிக்கப்படவில்லை' என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். உம்முடைய ஆய்வேட்டுத் தமிழ் இல்லை, என்னுடைய ஆய்வேட்டுத் தமிழ்தான். அந்த இடத்துக்கு அதுதான் சரியாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு மேலதிகாரி கூப்பிட்டார்.

"மிஸ், மேய்ச்சல் உண்டு எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆரின்ர மாடு? எந்த இடம்?"

"அது சொல்ல ஏலாது சேர்."

"அப்ப இதுக்கு ஆதாரம்?"

"நான் போய்ப் பாத்தனான்."

"தனியவோ போனீங்கள்?"

"இல்லை சேர். என்ர சிநேகிதியோட."

"அவவும் உத்தியோகத்தரோ?"

"ஓம் சேர்."

"அப்ப நல்லது. அவவையும் கீழ ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ. ரெண்டு பேர் எண்டா கொஞ்சம் பலம்."

 "அவ இல்லை சேர். மாசியில செத்துப் போனா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மனச் சங்கடப்பட்டார் போல. தாளை என் பக்கம் திருப்பி, என் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைக் காட்டினார்.

"அப்ப உங்கட கையெழுத்து மட்டும்தான். மேல இருந்து கேட்டா நீங்கள் ஒராள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். யோசிச்சீங்களோ?"

"ஓம் சேர். நான் சொல்லுறன்."

கோப்பு மேலே போய்விட்டது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து ஒன்றால் ஒரு வலயம் நிற்கும் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை. ஆனால் வெறும் காணி என்று இனி எழுத வேண்டுமென்றால் என் பெயரை வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்தக் குளங்கள், அந்த மேடு, போகிற பாதை, திரும்புகிற பாதை, எல்லாம் என்னோடு பத்திரமாக இருக்கின்றன. வேலாயுதம் அண்ணனுக்கு நீர் செய்த சத்தியத்தில் பாதி என்னுடையது என்று உம்மிடம் நேரே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மேலே இருந்து இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.